பள்ளி இயற்பியல் தேர்வின் வரலாறு: தமிழ்நாட்டில் மதிப்பெண்ணும் புரிதலும்

பள்ளி மாணவர் கற்ற இயற்பியலை அளந்து பார்ப்பதற்கான கருவி தேர்வு. அளவுகோல் எதை அளக்கிறதோ அதைத்தான் வகுப்பறையும் விளைவிக்கும். விதியை எழுதச் சொன்னால் பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்வார்கள். விதியைக் கொண்டு ஒரு நிகழ்வை விளக்கச் சொன்னால் அந்த நிகழ்வைப் பற்றி யோசிப்பார்கள். தமிழ்நாட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்புகளின் எண்ணிக்கை, பாடநூல், மதிப்பெண் பகிர்வு ஆகிய எல்லாம் பலமுறை மாறியுள்ளன. ஆனால் வினாவின் தன்மை மிக மெதுவாகவே மாறியது. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், அது ஏன் மெதுவாக நடந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு வகை வினாக்கள்

"நியூட்டனின் முதலாம் இயக்க விதியைக் கூறுக" என்பது நம் மாணவர் அனைவரும் அறிந்த வினா. புறவிசை ஒன்று செயல்படாத வரை ஒரு பொருள் தன் ஓய்வு நிலையிலோ சீரான நேர்கோட்டு இயக்க நிலையிலோ தொடர்ந்து இருக்கும் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இதே விதியை வேறு விதமாகவும் கேட்கலாம். ஆரணி, வெம்பாக்கம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் பட்டுத்தறி உள்ள வீட்டில் வளரும் பிள்ளை தினமும் காணும் காட்சி இது: நெசவாளர் கயிற்றை வெட்டி இழுக்கிறார், நாடா அடிபட்டு, பாவு நூல்களுக்கு இடையே ஊடையை இழுத்துக்கொண்டு மறுகோடிக்கு ஓடுகிறது. நாடா பாதி வழியில் இருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகள் எவை?

முதல் வினாவுக்குச் சரியாக விடை எழுதிய மாணவர்களில் பலர் இரண்டாவது வினாவில் தடுமாறுவார்கள். "கயிறு கொடுத்த விசை நாடாவுக்குள் இருந்து அதை முன்னே தள்ளுகிறது, அது தீர்ந்ததும் நாடா நின்றுவிடும்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் விடை. உண்மையில் அடிபட்டு விலகிய பிறகு நாடாவை முன்னோக்கித் தள்ளும் விசை எதுவுமே இல்லை. கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசையும், அதைத் தாங்கும் பலகையின் எதிர்விசையும், பின்னோக்கி உராய்வும் நூலின் இழுப்பும் மட்டுமே உள்ளன. நாடா முன்னேறுவது தள்ளப்படுவதால் அன்று; ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால். முதலாம் விதி சொல்வதும் இதையே.

விதியை எழுதத் தெரிந்த மாணவருக்கு விதி புரியவில்லை என்பதை முதல் வினா காட்டாது, இரண்டாவது காட்டிவிடும். நினைவைச் சோதிக்கும் வினாவுக்கும் புரிதலைச் சோதிக்கும் வினாவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். இரண்டாவது வினாவுக்குக் கூடுதல் பாடமோ கடினமான கணக்கோ தேவைப்படவில்லை.

மாணவரின் தவறு புதியதன்று

நாடாவுக்குள் விசை இருக்கிறது என்று நினைக்கும் மாணவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. மனித குலம் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தது. இயங்கும் பொருளைத் தொடர்ந்து ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். எறிபவர் பொருளுக்குள் ஒரு உந்துதலைச் செலுத்துகிறார், அது சிறிது சிறிதாகத் தீர்கிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஜான் பிலோபோனஸ் கூறினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் ஜான் புரிடான் இக்கருத்தை விரிவாக்கினார். இந்திய வைசேடிகத் தத்துவத்திலும் இயக்கத்தைத் தொடரச் செய்யும் 'வேகம்' என்னும் சமஸ்காரம் பொருளில் உண்டாகிறது என்ற விளக்கம் உள்ளது. கலிலியோவுக்குப் பின், 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிபியா நூலோடுதான் புதிய பார்வை நிலைபெற்றது.

எனவே பத்தாம் வகுப்பு மாணவர் வெறும் பலகையோடு வகுப்புக்கு வருவதில்லை. அன்றாட அனுபவத்திலிருந்து தானே கட்டிய ஓர் இயற்பியலோடு வருகிறார். அந்த இயற்பியலை வெளியே கொண்டுவராத தேர்வு, அதன்மேல் புதிய சொற்களைப் பூசிவிட்டுப் போய்விடும். தேர்வு முடிந்த சில மாதங்களில் பூச்சு உதிர்ந்துவிடும்.

மெட்ரிகுலேஷனிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்நிலைப் பள்ளிகளின் இலக்காக நெடுங்காலம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் நுழையத் தகுதியானவரைச் சலித்தெடுப்பது அதன் நோக்கம். பள்ளியோடு படிப்பை முடித்துக்கொள்ளும் பெரும்பான்மையினருக்கு என்ன தெரியும் என்பதை அளப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. விடைகளும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும். அந்நிலையில் மாணவர் அறிவியலில் தவறினாரா, ஆங்கிலத்தில் தவறினாரா என்று பிரித்தறிவது கடினம்.

இக்குறையைப் போக்கும் வகையில் சென்னை மாகாணத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை வந்தது. அதன் முதல் பொதுத்தேர்வு 1911இல் நடந்தது. அதுவே எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் இடைநிலைப் பள்ளி விடுப்புச் சான்றிதழ். சான்றிதழ் ஒரு சிறு புத்தக வடிவில் இருந்ததால் மக்கள் அதை 'எஸ்.எஸ்.எல்.சி. புக்' என்றே அழைத்தனர். ஒருநாள் தேர்வு மட்டுமன்றி, பள்ளியில் மாணவர் பெற்ற முன்னேற்றமும் அதில் இடம்பெற வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனால் காலப்போக்கில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே எல்லாமாகிவிட்டது. அரசு வேலையும் கல்லூரி இடமும் அதைப் பொறுத்தே அமைந்ததால் இது இயல்பாகவே நிகழ்ந்தது. பின்னர் தேர்வுப் பணிகள் பெருகவே, 1975இல் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித் துறையாக அமைக்கப்பட்டது.

தேர்வின் மொழி

1930களின் இறுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி படிப்படியாகப் பயிற்றுமொழியானது. அதற்கான அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினர். 1930களில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வழியாகச் சொல்லாக்கப் பணியை முன்னெடுத்தனர். 1938இல் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொல் தொகுப்பு வெளிவந்தது. பெ. நா. அப்புசாமி போன்றோர் தமிழில் எளிமையாக அறிவியல் எழுதலாம் என்று எழுதியே காட்டினர். பௌதிகம் என்று வழங்கிய பாடம் பின்னர் இயற்பியல் ஆனது.

தாய்மொழியில் தேர்வு எழுதுவது புரிதலைச் சோதிப்பதற்கு மிகப் பெரிய முன்னேற்றம். எனினும் கலைச்சொல் வேறு, கருத்து வேறு என்பதை மறக்கலாகாது. இதற்கு நல்ல சான்று தமிழுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. அதன்மேல் செயல்படும் புவியீர்ப்பு விசை 'எடை'. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் முதலாவது 'திணிவு', இரண்டாவதே 'நிறை'. தமிழ்நாட்டு மாணவர் 'திசைவேகம்' என்பதை இலங்கை மாணவர் 'வேகம்' என்பார். இங்கே 'வேகம்' எனப்படுவது அங்கே 'கதி'. இங்குள்ள 'முடுக்கம்' அங்கே 'ஆர்முடுகல்'.

ஆக, "நிறை என்றால் என்ன?" என்ற வினாவுக்குச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வெவ்வேறு விடைகள் சரியானவை. ஆனால் "நிலவுக்குக் கொண்டுசென்றால் ஒரு கல்லைத் தூக்குவது எளிதாகுமா? அதை வேகமாகத் தள்ளிவிடுவதும் அதே அளவு எளிதாகுமா?" என்று கேட்டால் இரண்டு ஊரிலும் விடை ஒன்றே: தூக்குவது எளிதாகும், தள்ளி வேகம் ஏற்படுத்துவது எளிதாகாது. வரையறையைக் கேட்கும் வினா சொல்லைச் சோதிக்கிறது. நிலைமையைக் கேட்கும் வினா கருத்தைச் சோதிக்கிறது.

ஆணையங்கள் சொன்னவை

விடுதலைக்குப் பின் அமைந்த கல்வி ஆணையங்கள் எல்லாமே தேர்வுமுறையைக் கடுமையாக விமர்சித்தன. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948-49), ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்க நேர்ந்தால் அது தேர்வைப் பற்றியதாகவே இருக்கும் என்ற கருத்தைத் தெரிவித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம் (1952-53), கட்டுரை வினாக்களின் ஆதிக்கத்தைக் குறைக்கவும், புறவய வினாக்களைச் சேர்க்கவும், பள்ளியில் நடக்கும் மதிப்பீட்டுக்கு இடம் தரவும் பரிந்துரைத்தது. கோத்தாரி ஆணையமும் (1964-66) இதையே வலியுறுத்தியது.

இவற்றுக்கு இடையே ஒரு முக்கியமான நிகழ்வு உண்டு. கல்வி நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல் எனப் படிநிலைகளாக வகுத்து 1956இல் நூல் வெளியிட்ட சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம், அதன்பின் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். தேர்வுச் சீர்திருத்தம் குறித்துப் பயிலரங்குகள் நடத்தினார். 1961இல் என்.சி.இ.ஆர்.டி. நிறுவப்பட்ட பின் அப்பணி அங்கே தொடர்ந்தது. பி.எட். படித்த ஆசிரியர் அனைவரும் இப்படிநிலைகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். புரிதலை வலியுறுத்த வந்த கோட்பாடே மனப்பாடப் பகுதியாக மாறியது ஒரு வேடிக்கை. பாடக்குறிப்பேட்டில் 'புரிதல்', 'பயன்படுத்தல்' என்ற தலைப்புகள் இடம்பெற்றன. வினாத்தாளில் 'வரையறு', 'கூறுக', 'விவரி' என்பவையே நீடித்தன.

1963இல் டெல்லியில் தொடங்கி அடுத்த ஆண்டு நாடு முழுவதும் விரிந்த தேசிய அறிவியல் திறனறித் தேர்வு இதிலிருந்து சற்று விலகி நின்றது. பாடநூலைத் தாண்டிச் சிந்திக்கும் மாணவரைக் கண்டறிவது அதன் நோக்கம். ஆனால் அது உதவித்தொகைக்காகச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்ததா என்ற கேள்விக்கு அது விடை தராது.

புக் பேக் வினாக்களும் சமூக நீதியும்

தமிழ்நாட்டில் 1978இல் 10+2 முறை வந்தது. அதுவரை 11ஆம் வகுப்பில் முடிந்த எஸ்.எஸ்.எல்.சி. 10ஆம் வகுப்புக்கு இறங்கியது. முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. இயற்பியல், 10ஆம் வகுப்பில் வேதியியலோடும் உயிரியலோடும் சேர்ந்து அறிவியல் என்ற ஒரே பாடமாயிற்று.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஒரு தேர்வுப் பண்பாடு உருவானது. பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள், அதாவது 'புக் பேக்' வினாக்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லும் 'ப்ளூ பிரிண்ட்'. கடைகளில் விற்கும் நோட்ஸ். முந்தைய ஆண்டு வினாத்தாள். காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு. சென்டம் எடுத்தவர்களின் படங்கள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அரசுப் பள்ளிகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் ஏராளம். வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. டியூஷனுக்குப் பணம் இல்லை. பள்ளியிலிருந்து வந்ததும் தார் சுற்றவோ மாடு பார்க்கவோ போகவேண்டும். அத்தகைய பிள்ளைக்கு, இந்தப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் படி, அதுவே வரும் என்ற உறுதிமொழி ஒரு பிடிமானம். எதிர்பாராத வினா கேட்டால் நகரத்துத் தனிப்பயிற்சி மாணவர் தப்பித்துக்கொள்வார். கிராமத்துப் பிள்ளை தோற்றுவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சியதில் பொருள் உண்டு. முன்கூட்டியே தெரிந்த வினாத்தாள் பல லட்சம் பேரைப் பத்தாம் வகுப்பு என்ற வாசலைத் தாண்ட வைத்தது.

அதற்குக் கொடுத்த விலை வாசலுக்கு அப்பால் தெரிந்தது. மேல்நிலை இயற்பியலிலும் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும், உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்த மாணவர் முதல் பருவத்திலேயே திணறினர். சான்றிதழ் தெரியும் என்றது. மாணவரின் மனம் தெரியாது என்றது. அந்த முரண்பாட்டுக்குக் காரணம் தம் அறிவுக்குறைவுதான் என்று அவர்களே நம்பிவிட்டது இன்னும் பெரிய இழப்பு.

வேறு வழி இருந்தது: ஹோசங்காபாத்

கிராமத்துப் பிள்ளைகளால் புரிதல் வினாக்களுக்கு விடையளிக்க முடியாது என்ற எண்ணத்தை மறுத்த முயற்சி ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் அதைத் தொடங்கின. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு தொடர்ந்து நடத்தியது. பிள்ளைகள் மலிவான பொருள்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, முடிவுக்கு வந்தனர்.

இத்திட்டத்தின் துணிச்சலான பகுதி அதன் தேர்வு. 8ஆம் வகுப்புத் தேர்வில் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். புத்தகம் கையில் இருக்கும்போது வரையறையைக் கேட்பதில் பொருளில்லை. ஆகவே வினா அமைப்பவர் புதிய நிலைமையை, புதிய அட்டவணையை, புதிய சோதனையைத் தந்தே ஆகவேண்டும். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் இருந்தது. அரசின் ஆதரவோடு பல மாவட்டங்களுக்குப் பரவிய இத்திட்டம் 2002இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. கற்பித்தலை மாற்ற வேண்டுமானால் தேர்வையும் கூடவே மாற்ற வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987 முதல் வெளியிட்டுவரும் துளிர் சிறுவர் இதழும், செய்து பார்த்துக் கற்கும் உணர்வைப் பள்ளிக்கு வெளியே வளர்த்தன. ஆனால் பொதுத்தேர்வின் கதவு அவற்றுக்குத் திறக்கவில்லை.

அரிசோனாவின் 30 வினாக்கள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டெனிஸ், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் ஆகியோர் 1992இல் 'விசைக் கருத்துச் சோதனை' என்னும் வினாத்தொகுப்பை வெளியிட்டனர். இன்று வழங்கும் வடிவில் அதில் 30 வினாக்கள் உள்ளன. கணக்கு எதுவும் இல்லை. சூத்திரமும் இல்லை. மேலே எறிந்த பந்து, மோதிக்கொள்ளும் இரண்டு வண்டிகள், கயிறு அறுந்து பறக்கும் குண்டு என எளிய நிலைமைகள் மட்டுமே. தவறான விடைகளை ஆசிரியர்கள் கற்பனை செய்யவில்லை. மாணவர்கள் உண்மையில் சொன்ன விளக்கங்களையே தெரிவுகளாக வைத்தனர். மாணவர் எந்தத் தெரிவை எடுக்கிறாரோ அதுவே அவர் மனத்தில் உள்ள தவறான கருத்தைக் காட்டிவிடும்.

இதன் முன்னோடி வினாத்தாள் 1985இல் வெளிவந்திருந்தது. அதைப் படித்த ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மேசூர் தம் வகுப்பில் சோதித்துப் பார்த்தார். நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று ஒரு மாணவி அவரிடம் கேட்டார். கடினமான கணக்குகளைச் செய்த மாணவர்கள் எளிய வினாக்களில் தவறினர். அவர் தம் விரிவுரை முறையையே மாற்றி, மாணவர்கள் ஒருவரோடொருவர் விவாதித்துக் கற்கும் முறையை உருவாக்கினார். 1998இல் ரிச்சர்டு ஹேக் சுமார் 6,500 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், அடையக்கூடிய முன்னேற்றத்தில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கலந்துரையாடிக் கற்ற வகுப்புகள் ஏறத்தாழப் பாதியை எட்டின.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 30 வினாக்களும் யாரையும் தேர்ச்சியோ தோல்வியோ அடையச் செய்யவில்லை என்பது. காய்ச்சல் பார்க்கும் கருவிபோல, எங்கே கோளாறு என்று ஆசிரியருக்குச் சொல்வதே அவற்றின் வேலை.

பீசா தந்த அதிர்ச்சி

தமிழ்நாட்டு மாணவர்களின் புரிதலை வெளியிலிருந்து ஒரு கருவி அளந்தது. ஓ.இ.சி.டி. அமைப்பு 15 வயது மாணவர்களிடம் நடத்தும் பீசா மதிப்பீட்டின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. தேர்வு 2010இல் நடந்தது. முடிவு 2011 டிசம்பரில் வெளியானது. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 501. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன. அடிப்படை நிலை அறிவியல் திறனைத் தமிழ்நாட்டு மாணவர்களில் 16 சதவீதத்தினரே எட்டியிருந்தனர். அதே காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தனர்.

இரண்டு அளவுகோல்களும் இரண்டு வெவ்வேறு பொருள்களை அளந்தன என்பதே இதன் விளக்கம். பீசா வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற வாதம் எழுந்தது. பழக்கமில்லாத வினாவடிவமும் மொழிபெயர்ப்பு நடையும் மாணவரைத் தடுமாறச் செய்திருக்கலாம் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அதற்குப் பின் நம் சூழலுக்குப் பொருந்தும் வினாக்களை நாமே உருவாக்கி அளந்து பார்ப்பதுதான் முறை. இந்தியா 2012ஆம் ஆண்டுச் சுற்றில் கலந்துகொள்ளவில்லை.

செய்முறைத் தேர்வும் புதிய வினாத்தாளும்

2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த சமச்சீர் கல்வி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011-12இல் 10ஆம் வகுப்புக்கும் நடைமுறையானது. அதையொட்டி அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 எனப் பிரிக்கப்பட்டது. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 தேவை. அரசுப் பள்ளி மாணவர் அனைவரும் பத்தாம் வகுப்பிலேயே கருவிகளைக் கையில் எடுக்க வேண்டும் என்றானது நல்ல முன்னேற்றம்.

ஆனால் செய்முறையையும் மனப்பாடம் செய்ய முடியும். இப்போதைய பாடநூலில் இயற்பியலுக்குத் திருப்புத்திறன் தத்துவத்தால் எடை காணல், குவிலென்சின் குவியத் தொலைவு காணல், கம்பியின் மின்தடை எண் காணல் ஆகிய சோதனைகள் உள்ளன. சோதனை முன்கூட்டியே தெரியும். பதிவேட்டில் அளவீடுகளும் தயாராக உள்ளன. லென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் திரையில் பிம்பத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டால்தான் அது சோதனையாகும். பாதிப் பிம்பம் மறையும் என்பார் பலர். முழுப் பிம்பமும் இருக்கும், ஒளிதான் மங்கும் என்பதைச் செய்து பார்த்த மாணவர் மறக்கமாட்டார்.

2017இல் தொடங்கிய பாடத்திட்ட மறுசீரமைப்பின்படி 10ஆம் வகுப்புக்குப் புதிய பாடநூல் 2019-20இல் வந்தது. கூற்று-காரணம் வினாக்களும் கணக்கீடுகளும் உயர் சிந்தனை வினாக்களும் ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் சேர்க்கப்பட்டன. பொதுத்தேர்வின் 75 மதிப்பெண், 12 ஒரு மதிப்பெண் வினாக்கள், 7 இரு மதிப்பெண் வினாக்கள், 7 நான்கு மதிப்பெண் வினாக்கள், 3 ஏழு மதிப்பெண் வினாக்கள் என அமைந்தது. இரண்டு, நான்கு மதிப்பெண் பகுதிகளில் கட்டாய வினா ஒன்று வைக்கப்பட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் 10ஆம் வகுப்புத் தேர்வே நடைபெறவில்லை. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் 10ஆம் வகுப்பும் இடம்பெற்றது. 2023இல் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு நடந்தது.

வடிவம் இவ்வாறு மாறினாலும் உயர் சிந்தனை வினாக்களுக்கே நோட்ஸ் வந்துவிட்டால் அவையும் நினைவு வினாக்களே. ஒரு வினா முதன்முறை கேட்கப்படும்போதுதான் புரிதலைச் சோதிக்கும். எனவே புதிய வினாக்களை ஆண்டுதோறும் உருவாக்கக்கூடிய ஆசிரியர்களே இதற்குத் தேவை.

வகுப்பறைக்கு ஏற்ற சில வினாக்கள்

புரிதல் வினாக்களுக்குச் செலவு இல்லை. பின்வருவன எந்தப் பள்ளியிலும் பத்து நிமிடத்தில் கேட்கக்கூடியவை.

1. கிணற்றில் ஒற்றை ராட்டினத்தின் வழியே 15 கிலோ நிறையுள்ள நீர்வாளியை இழுக்கிறோம். ராட்டினம் நாம் செலுத்த வேண்டிய விசையைக் குறைக்கிறதா? இல்லை. திசையை மட்டுமே மாற்றுகிறது. கீழ்நோக்கி இழுக்கும்போது நம் உடல் எடை துணை செய்வதால் எளிதாகத் தோன்றுகிறது.

2. தார் சுற்றும் ராட்டையில் பெரிய சக்கரமும் சிறிய கதிரும் ஒரே கயிற்றால் இணைந்துள்ளன. கயிறு நழுவவில்லை. எதன் விளிம்பு வேகமாக நகர்கிறது? இரண்டும் ஒரே வேகத்தில் நகர்கின்றன. சுற்றுகளின் எண்ணிக்கைதான் கதிருக்கு அதிகம்.

3. மார்கழி அதிகாலையில் எவர்சில்வர் செம்பு, மரப்பலகை இரண்டையும் தொடுகிறோம். செம்பு அதிகம் குளிர்கிறது. அதன் வெப்பநிலை குறைவா? இரவு முழுதும் ஒரே அறையில் இருந்ததால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. உலோகம் நம் கையின் வெப்பத்தை விரைவாகக் கடத்துகிறது.

4. ஒரு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். பல்பை எரிய வைக்க முடியுமா? முடியும். பல்பின் அடிமுனையைச் செல்லின் ஒரு முனையில் வைத்து, பல்பின் உலோகப் பக்கத்தையும் செல்லின் மறுமுனையையும் ஒயரால் இணைக்க வேண்டும். பல்புக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதைக் கவனித்தவர் மட்டுமே இதைச் செய்வார்.

இவற்றுக்கு மதிப்பெண் இடவேண்டிய அவசியமில்லை. முதலில் மாணவர் தம் விடையைத் தாளில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடட்டும். அதன்பின் செய்து பார்க்கட்டும். தவறான விடையின் காரணத்தைக் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு வகுப்புக்கு அதுவே நல்ல தெரிவு வினாவாகும்.

வரலாறு உணர்த்துவது

1911 முதல் இன்றுவரையிலான மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தால், தேர்வை எளிதாக்கினால் ஏழைப் பிள்ளைகள் கரையேறுவார்கள், கடினமாக்கினால் தரம் உயரும் என்ற இரண்டு எண்ணங்களுக்கு இடையே நாம் ஊசலாடி வந்திருப்பது தெரிகிறது. இரண்டுமே வினாவின் தன்மையைப் பார்க்கத் தவறின. நாடாவைப் பற்றிய வினா கடினமானதன்று. ஆனால் மனப்பாடத்தால் விடையளிக்க முடியாதது. அதற்குத் தேவையான அனுபவம் நகரத்துப் பயிற்சி மையத்தில் விலைக்குக் கிடைப்பதன்று. தறி வீட்டுப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ராட்டினமும் ராட்டையும் அடுப்பும் ஏற்றமும் சைக்கிளும் அப்படித்தான்.

தமிழ்நாட்டின் பள்ளித் தேர்வு லட்சக்கணக்கானோருக்கு வாசலைத் திறந்துவிட்டது. அந்தச் சாதனையைக் கைவிடாமல், வாசலுக்கு அப்பாலும் அவர்கள் தடுமாறாமல் நடக்கச் செய்வதே அடுத்த கடமை. அதற்கு வினாத்தாளில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு வினாக்கள் மாணவரின் சொந்த உலகத்திலிருந்து, அவருக்குத் தெரிந்த தமிழில், புதிதாக வரவேண்டும். அவை வரும் என்று தெரிந்துவிட்டால் வகுப்பறைகள் தாமாகவே அதற்கேற்ப மாறும்.